பெரார்கஞ்ச் வயலும் பத்து கிலோ ஜிங்க்கும்

பெரார்கஞ்ச் என்றால் அந்தமானுக்குச் சுற்றுலா போய்வந்தவர்களில் பலருக்கு நினைவில் இருப்பது வேன் ஜன்னல் வழியே கடந்துபோன ஒரு கடைத்தெருதான். போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்) அந்தமான் டிரங்க் ரோட்டில் வடக்கே போனால், ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு முன்னால் வரும் ஊர். ஜரவா பழங்குடியினரின் காட்டுக்குள் வண்டிகளை வரிசைகட்டி விடுவார்கள், அந்த வரிசையைப் பிடிக்கிற அவசரத்தில் யாரும் வயலைப் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால், இரண்டு குன்றுகளுக்கு நடுவே பள்ளம் பார்த்துக் கிடக்கும் நெல்வயல்கள் கண்ணில் பட்டிருக்கும். மேலே பாக்கும் தென்னையும், கீழே நெல்.

ஊருக்குப் பெயர் கொடுத்தவர் மைக்கேல் லாய்ட் ஃபெரார். 1923 முதல் 1931 வரை இந்தத் தீவுகளின் தலைமை ஆணையர், வண்ணத்துப்பூச்சி சேகரிப்பதில் பெரும் பித்து உள்ளவர். இந்த வட்டாரத்தில் குடியேறியவர்களின் பட்டியல் நீளமானது. 1921 மலபார் கலகத்தில் தண்டனை பெற்று வந்த மாப்பிளமார், ‘குற்றப் பரம்பரை’ என்று முத்திரை குத்தி வடக்கிலிருந்து கொண்டுவரப்பட்ட பாந்துக்கள், 1949 முதல் வந்த கிழக்கு வங்காள அகதிகள், பிறகு ராஞ்சிக்காரர்கள், தெலுங்கர்கள், தமிழர்கள். மாப்பிளமார் மஞ்சேரி, திரூர், மண்ணார்காடு என்று சொந்த ஊர்ப் பெயர்களையே கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். பெயரோடு அவரவர் ஊர் விவசாயப் பழக்கமும் கப்பலேறி வந்தது. இப்போது கைபேசி வழியாகவும் வருகிறது.

அப்படி வருகிற யோசனைகளில் ஒன்று: “நெல்லு இலை செம்பழுப்பா மாறுதா? ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் போடுங்க, சரியாயிடும்.” தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ சொன்னால் இது பெரும்பாலும் நல்ல யோசனைதான். பெரார்கஞ்சில்?

முதலில் அந்தப் பத்து கிலோவின் கணக்கைப் பார்ப்போம். கடையில் ஜிங்க் சல்பேட் என்று கிடைக்கிற வெள்ளைப் பரல் உப்பில் துத்தநாகம் 21 சதவீதம். (33 சதவீதம் உள்ள இன்னொரு வகையும் உண்டு. மூட்டையில் எழுதியிருக்கும், பார்த்து வாங்க வேண்டும்.) பத்து கிலோ உப்பில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் துத்தநாகம் இருக்கிறது. ஒரு டன் நெல் விளைய, வைக்கோலையும் சேர்த்து, பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் துத்தநாகமோ ஏறக்குறைய 50 கிராம். ஏக்கருக்கு இரண்டு டன் எடுக்கிற தஞ்சை விவசாயியின் பயிர் 100 கிராம் எடுத்துக்கொள்கிறது. நூறு கிராம் தேவைக்கு இரண்டு கிலோ எதற்கு? மீதியை மண் பிடித்து வைத்துக்கொள்வதால். களிமண்ணும் சுண்ணாம்பும் அதைக் கட்டிப்போட்டுவிடும், வேருக்கு எட்டுவது அற்பம். கட்டிப்போட்டதில் கொஞ்சம் அடுத்தடுத்த போகங்களுக்குக் கசியும். ஒரு முறை போட்டால் சில போகங்களுக்குத் தாங்கும் என்பது அதனால்தான். ஒவ்வொரு நடவுக்கும் தவறாமல் மூட்டை பிரிக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

நெல்லுக்குத் துத்தநாகம் குறையும் என்பது நம் தாத்தாக்களுக்குத் தெரியாத செய்தி. செடிகளுக்குத் துத்தநாகம் இன்றியமையாதது என்பதே 1920களில்தான் உறுதியானது. வயலில் நெல்லுக்கு அது குறையும் என்று உலகுக்குக் காட்டியது இந்தியாதான், அதுவும் இமயமலை அடிவாரத்துத் தராய் பகுதியில். அங்கே பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் 1960இல் தொடங்கியது. சுற்றுவட்டாரத்து நெல்வயல்களில் நட்ட இரண்டு மூன்று வாரத்தில் பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாகி, கீழ் இலைகளில் துரு நிறம் ஏறி நின்றது. ஊர்க்காரர்கள் அதைக் ‘கைரா’ என்றார்கள். இதைக் கையிலெடுத்த யஷ்வந்த் லக்ஷ்மண் நேனே தாவர நோயியல்காரர், கிருமியைத் தேடிப் பிடிப்பதுதான் அவர் துறை. கிருமி எதுவும் இல்லை, துத்தநாகம்தான் பற்றாக்குறை என்று 1966இல் அவர் எழுதினார். ஹெக்டேருக்கு ஐந்து கிலோ ஜிங்க் சல்பேட்டும் இரண்டரைக் கிலோ நீற்றிய சுண்ணாம்பும் ஆயிரம் லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கச் சொன்ன அந்த வைத்தியம் இன்றும் வடநாட்டு வேளாண் கையேடுகளில் இருக்கிறது. நோயியல்காரர் ஒருவர் “இது நோயே இல்லை” என்று சொன்னதில் ஒரு நேர்மை உண்டு. கையில் சுத்தியல் இருப்பவனுக்கு எல்லாம் ஆணியாகத் தெரிகிற உலகத்தில் அது எளிதல்ல.

இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1961இல், பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர், ஈரானின் ஷிராஸ் நகரில் வளர்ச்சி நின்றுபோய்ச் சிறுவர்களைப் போல இருந்த இளைஞர்களைப் பற்றி எழுதினார். புளிக்காத ரொட்டியையே பிரதானமாகத் தின்று வளர்ந்தவர்கள் அவர்கள். மனிதருக்கும் துத்தநாகம் குறையும் என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. 1990களில் துருக்கியின் அனதோலியப் பீடபூமியில் இஸ்மாயில் சக்மக் குழுவினர் இரண்டு கதைகளையும் ஒரே வயலில் சேர்த்துவிட்டார்கள். கோதுமைக்குத் துத்தநாகம் போட்டதும் விளைச்சல் எகிறியது, மணியிலும் சத்து ஏறியது. சில ஆண்டுகளிலேயே அந்த நாட்டில் துத்தநாகம் கலந்த உரம் லட்சக்கணக்கான டன் விற்றது.

நம் பக்கமும் குறை சிறியதல்ல. நாடு முழுவதும் எடுத்த மண் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துத்தநாகம் பற்றாது. தமிழ்நாட்டில் அது 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. காரத்தன்மையுள்ள களிமண், ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம், கை நிறைய டி.ஏ.பி., தேங்கிய தண்ணீர் என எல்லாமே துத்தநாகத்தை வேரிடமிருந்து பறிக்கிறவை. மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.எச். அளவு ஒன்று கூடினால் துத்தநாகம் கரைவது நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது மண் வேதியியலின் பழைய பாடம். எனவே தஞ்சைக்குப் பத்து கிலோ என்றால் அதற்கு நியாயம் இருக்கிறது.

தீவின் நிலவரம் வேறு. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை விடாது. இத்தனை மழை எதைக் கரைக்க முடியுமோ அதையெல்லாம் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும் நிறைந்த புளிப்பு மண். இந்த மண்ணுக்கு உறவு தேடினால் தஞ்சாவூரை விட இலங்கையின் தென்மேற்கு ஈரவலயம்தான் பக்கத்தில் வரும்.

அந்த ஈரவலயத்தில், களுத்துறை, காலி, மாத்தறைப் பக்கத்துப் பள்ளத்து வயல்களில், நெல் இலை வெண்கல நிறமாகிக் காய்கிற தொல்லை வெகுநாளாக இருந்தது. 1955இல் இலங்கை மண் வேதியியலாளர் பொன்னம்பெரும, பிராட்ஃபீல்ட், பீச் ஆகிய இரண்டு அமெரிக்கர்களுடன் சேர்ந்து, இதற்குக் காரணம் இரும்பு மிகுதி என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். தண்ணீர் தேங்கியதும் மண்ணில் காற்று தீர்ந்துவிடுகிறது. அதுவரை கரையாமல் கிடந்த இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி வேர் வழியே ஏறுகிறது. அளவு மிஞ்சினால் இலை வெந்துபோகிறது. பொன்னம்பெரும பின்னாளில் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், தண்ணீர் நிற்கும் மண்ணின் வேதியியலுக்கே இலக்கணம் எழுதியவர். இலங்கைக்காரர்கள் இதோடு நிற்கவில்லை. களுத்துறை மாவட்டம் பொம்புவலையில் இரும்பைத் தாங்கும் நெல் ரகங்களை உருவாக்கும் நிலையமே வைத்திருக்கிறார்கள்.

பந்த்நகரில் பழுப்பு இலை என்றால் துத்தநாகப் பற்றாக்குறை, களுத்துறையில் இரும்பு மிகுதி. பெரார்கஞ்சின் புளிப்பு மண்ணில், குன்றின் அடிவாரத்துப் பள்ளத்தில், நீர் வடியாத வயலில் பழுத்த இலையைக் கண்டவுடன் ஜிங்க் மூட்டையைத் தேடுவது தவறான கதவைத் தட்டுவதாக முடியலாம்.

இரண்டையும் பார்த்துப் பிரிக்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். வரப்பில் நின்றபடி பார்த்தால் தெரியாது, சேற்றில் இறங்கி ஒரு குத்தைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். துத்தநாகம் குறைந்தால் இளம் இலையின் அடிப்பக்கத்து நடுநரம்பு வெளுத்திருக்கும், கீழ் இலைகளில் துருத் திட்டுகள் படரும், பயிர் குட்டையாகித் திட்டுத்திட்டாக நிற்கும். நட்டு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் தெரிந்துவிடும். இரும்பு மிகுந்தால் பொடிப்பொடியான பழுப்புப் புள்ளிகள் முதிர்ந்த இலையின் நுனியில் தொடங்கி அடியை நோக்கி இறங்கும், பிறகு இலை முழுவதும் செம்பழுப்பாகும். வேரை அலசிப் பாருங்கள். குறைவான வேர்கள், மேலே கரும்பழுப்புப் பூச்சு என்றால் சந்தேகம் இரும்பின் பக்கம். குன்றிலிருந்து கசியும் நீர் வந்து சேரும் மூலையில் மட்டும் பயிர் கெட்டிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இந்த இரண்டும் ஒரே வயலில் ஒன்றாக வரவும் செய்யும். அதனால்தான் கண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பது.

இரும்பு மிகுதிக்கு வைத்தியம் மூட்டையில் இல்லை, மடையில் இருக்கிறது. தண்ணீரை வடித்து வயலைச் சில நாள் ஆறவிட வேண்டும், பொட்டாஷ் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், புளிப்பைத் தணிக்க அளவாகச் சுண்ணாம்பு போட வேண்டும். சுண்ணாம்பு என்றதும் திரூர், மஞ்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். கேரளத்து நெல்வயலுக்கு ஹெக்டேருக்கு 600 கிலோ சுண்ணாம்பை இரண்டு தவணையாகப் போடச் சொல்வது அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் வழக்கமான பரிந்துரை. ஆனால் சுண்ணாம்பை வாரி இறைத்தால் பி.எச். ஏறும், பி.எச். ஏறினால் துத்தநாகம் அடங்கும். இல்லாத குறையை நாமே வரவழைத்ததாகிவிடும்.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கணக்கில் இன்னொரு வரியைச் சேர்த்தது. பூகம்பத்தில் தெற்கு அந்தமான் நிலமே ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கியது. வடக்கு அந்தமானோ மேலெழும்பியது. தெற்கே சிப்பிகாட், ஒக்ராபிராஜ் பக்கங்களில் வயல்களுக்குள் கடல் வந்தது. அப்போது மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் 1978 முதல் இயங்கிவந்த, இன்று மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையமாக இருக்கும் அமைப்பு, கெட்ட நிலங்களை மூன்றாகப் பிரித்தது: கடல் வந்து அங்கேயே தங்கிவிட்டவை, ஏற்றத்தின்போது மட்டும் வந்துபோகிறவை, ஒரு முறை வந்து வடிந்தவை. மூன்றாம் வகை நிலத்தின் உப்பைப் பெருமளவு கழுவிக் கொடுத்ததும் அதே மழைதான். சத்தைக் கரைத்துக் கொண்டுபோகிற மழை உப்பையும் கொண்டுபோனது. மற்ற நிலங்களுக்கு அகலப் பாத்தியும் ஆழச் சாலும் எடுத்து மேலே காய்கறி, கீழே மீன் என்ற முறையைப் பழக்கினார்கள். உப்பைத் தாங்கும் நெல் ரகங்களும் வந்தன. ஆக, பக்கத்துப் பக்கத்து ஊர்களில்கூட ஒருவர் வயல் உவர், இன்னொருவர் வயல் புளிப்பு. இதற்கெல்லாம் சேர்த்து ஒரே சீட்டு எழுதினால் எப்படிப் பொருந்தும்?

பயிரும் வேறு என்பதை மறக்கக்கூடாது. தீவு விவசாயிகள் வெகுகாலமாக விட்டுக்கொடுக்காத ரகம் சி 14-8. நெட்டை நெல், பகல் குறுகினால்தான் பூக்கும், ஏறக்குறைய ஆறு மாதம் நிற்கும், மாட்டுக்கு வைக்கோல் நிறையத் தரும். ஏக்கருக்கு ஒரு டன் வந்தாலே திருப்தி. அப்படியென்றால் அது எடுக்கும் துத்தநாகம் 50 கிராம். குட்டை ரகம் போட்டு இரட்டிப்பு விளைச்சல் எடுப்பவர்களுக்கு எழுதிய சீட்டை இதற்கு அப்படியே நீட்டுவது மூட்டை விற்பவருக்குத்தான் லாபம். கப்பல் கூலியும் சேர்ந்துகொள்கிறது.

சரி, மண் பரிசோதனையில் துத்தநாகம் உண்மையிலேயே குறைவு என்று வந்துவிட்டது. அப்போது போடத்தான் வேண்டும், தயங்கக்கூடாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை எளிது: ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை 50 கிலோ காய்ந்த மணலுடன் கலந்து, பரம்படித்துச் சமன் செய்த வயலில், நடவுக்குச் சற்று முன் மேலாகத் தூவ வேண்டும். உழுது உள்ளே கலக்கக் கூடாது. நின்ற பயிரில் குறை தெரிந்தால் பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா என்று கரைத்து, குறை மறையும் வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை இலையில் தெளிக்க வேண்டும். தீவில் இந்த இரண்டாவது வழிக்கு ஒரு சிக்கல். ஆகஸ்டு, செப்டம்பரில் தெளித்த மருந்து காய்வதற்கு வானம் நேரம் தர வேண்டுமே! ஆகவே முன்கூட்டியே தெரிந்துகொண்டு அடியுரமாகப் போடுவதுதான் அங்கே கைகொடுக்கும்.

ஜிங்க்கை டி.ஏ.பி.யோடு ஒரே கூடையில் கலந்து வீசுகிற பழக்கம் எங்கும் இருக்கிறது. கூலி மிச்சம் என்பார்கள். ஏன் கூடாது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் டி.ஏ.பி.யைக் கரைத்துத் தெளியவிட்டு, இன்னொன்றில் ஜிங்க் சல்பேட்டைக் கரைத்து இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். திரிந்த பால்போலக் கட்டி கட்டியாக அடியில் இறங்கும். டி.ஏ.பி.யின் மணிச்சத்தும் துத்தநாகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன, வேருக்கு இரண்டுமே கிடைக்காது. இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுப் போட்டால் போதும்.

இதே டம்ளர் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஜிங்க் சல்பேட் என்று சொல்லி மக்னீசியம் சல்பேட்டை விற்பது இந்திய உரச் சந்தையின் பழைய திருட்டு. இரண்டும் பார்க்க ஒன்றுபோல வெள்ளைப் பரல், விலை மட்டும் வேறு. டி.ஏ.பி. தெளிவில் ஊற்றியும் அப்படிக் கட்டியாக இறங்கவில்லை என்றால் ரசீதை எடுத்துக்கொண்டு வேளாண் அலுவலகத்துக்குப் போகலாம்.

போரானையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மழை அதிகமுள்ள புளிப்பு மண்ணில் முதலில் கைவிட்டுப் போகக்கூடியது அதுதான். மற்ற சத்துகளைப் போல மண்துகளில் ஒட்டிக்கொள்ளாமல் தண்ணீரோடு நழுவிவிடும். குறைந்தால் புது இலை நுனி வெளுக்கும், கதிர் சரியாக வெளிவராது, பதர் கூடும். ஆனால் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகல். போரான் விஷயத்தில் குத்துமதிப்பு ஆகவே ஆகாது.

நிக்கோபார் பக்கம் கதையே வேறு. கார் நிக்கோபார், நன்கௌரி தீவுக் கூட்டத்தின் 14,491 ஹெக்டேர் 2021இல் இயற்கை வேளாண் நிலமாகச் சான்று பெற்றது. அங்கே ரசாயன உர மூட்டைக்கே இடமில்லை. தெற்கு அந்தமானில் இயற்கை முறைக்குப் போக நினைப்பவர்கள் தொழுஉரத்தைத் தாராளமாக இடலாம். மண்ணில் இருக்கிற துத்தநாகத்தை வேருக்கு எட்டவைப்பதில் அதற்கு நல்ல பங்கு உண்டு. தமிழ்நாட்டிலேயே நுண்ணூட்டக் கலவையைப் பத்து மடங்கு தொழுஉரத்தோடு கலந்து ஒரு மாதம் ஊறவைத்துப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

எல்லாவற்றுக்கும் முதல் படி மண் பரிசோதனை. 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு அளவீடுகள் உண்டு. துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஐந்தும் அதில் வரும். துத்தநாகத்துக்குப் பொதுவாக வைக்கும் எல்லைக்கோடு பத்து லட்சத்தில் 0.6 பங்கு. அதற்குக் கீழே இருந்தால் மட்டும் ஜிங்க்கைப் பற்றி யோசித்தால் போதும்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவித்த இடம் வேண்டாம். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் குழி எடுத்து, பக்கவாட்டில் மண்ணைச் சீவிச் சேர்க்க வேண்டும். நுண்ணூட்டச் சோதனை என்றால் துருப்பிடித்த மண்வெட்டி கூடாது, மூங்கில் சிம்போ மரக்கரண்டியோ நல்லது. முக்கியமாக, தகர வாளியில் சேர்க்காதீர்கள். அந்த வெள்ளிப் பளபளப்பே துத்தநாகப் பூச்சுதான், அது மண்ணோடு கலந்தால் ஆய்வகம் உங்கள் வாளியை அளந்து கொடுக்கும். பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, நிழலில் உலர்த்தி, நான்காகப் பங்கிட்டுக் குறைத்து அரைக் கிலோ எடுத்தால் போதும். பள்ளத்து வயலையும் மேட்டு வயலையும், கடல் ஏறிய வயலையும் ஏறாத வயலையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனிப் பையில் கட்டுங்கள்.

பெரார்கஞ்சில் இதற்கு ஏற்ற காலம் அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. மே பிறந்தால் மழை விடாது. அதற்குள் மண்ணை எடுத்து வேளாண் துறையிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திடமோ கொடுத்துவிடுங்கள், உரக்கடைப் பக்கம் போவதை முடிவு கைக்கு வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.